வடபுலத்து அரண்கள் — அத்தியாயம் 7: ஒல்லாந்தர் எழுப்பிய ஐங்கோணம்

நல்லூர் இராசதானியின் வீழ்ச்சியைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். 1619ஆம் ஆண்டில் பிலிப் டி ஒலிவேரா என்னும் பறங்கித் தளபதி யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியதும், கடைசி மன்னனாகிய சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்துக் கோவாவுக்கு அனுப்பியதும், அங்கே அம்மன்னனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதும் வாசகர்கள் அறிந்தவை. ஆனால் வென்ற நாட்டைக் கையில் வைத்திருப்பது ஒலிவேராவுக்கு வென்றதைக் காட்டிலும் கடினமாக இருந்தது. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர், பறங்கியரை யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தும் நோக்கத்துடன் 1620, 1621 ஆண்டுகளில் கடல் கடந்து சைனியங்களை அனுப்பினார். அதே நாயக்கர் 1620 நவம்பரில் டென்மார்க்கு நாட்டாருக்குத் தரங்கம்பாடியில் கோட்டை கட்ட உத்தரவு அளித்தார் என்பதையும் சேர்த்து நோக்கினால், ஐரோப்பியரில் ஒருவரை அணைத்து மற்றொருவரை ஒழிக்க முயன்ற அவருடைய இராஜதந்திரம் விளங்கும். அந்தப் படையெடுப்புகள் தோற்றன. எனினும், அரண் இல்லாத ஊரில் இனி ஒரு நாளும் தங்குவதற்கில்லை என்ற பாடத்தை அவை ஒலிவேராவுக்குக் கற்பித்துவிட்டன.

நல்லூர் உள்நாட்டிலே இருந்தது. பறங்கியரின் பலமோ கப்பலிலே இருந்தது. கடல்வழியாக உணவும் மருந்தும் ஆளும் வந்து சேர முடியாத கோட்டை, உள்ளே இருப்பவனுக்குச் சிறைச்சாலையாகும் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆகையால் நல்லூரை விட்டுவிட்டு, அதற்குத் தென்மேற்கே கடலேரி வந்து கரையைத் தொடுகின்ற பண்ணைத் துறையைத் தங்கள் இருப்பிடமாகத் தேர்ந்தார்கள். அந்த இடம் மனித வாசமற்ற வெறுங்கரை என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அண்மை ஆண்டுகளில் கோட்டைக்குள் அகழ்ந்து பார்த்த இடங்களில், பறங்கியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட பானை ஓடுகளும், சீன தேசத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்த மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. பழைய துறைமுகம் ஒன்றன் மீதே இக்கோட்டை ஏறி அமர்ந்திருக்கிறது.

1621ஆம் ஆண்டில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை ஒலிவேரா இடித்தார். அக்கோயிலின் கற்களே பண்ணைக் கரைக்குச் சென்று கோட்டை மதிலாயின என்பது யாழ்ப்பாணத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. பறங்கியர் கட்டியது நாற்சதுரமான கோட்டை. அதனுள்ளே அற்புத மாதாவின் பெயரால் ஒரு தேவாலயமும் இருந்தது. மாதாவின் பெயரையே கோட்டைக்கும் சூட்டியிருந்தார்கள். சுமார் 37 ஆண்டு காலம் அவர்கள் அதில் வாழ்ந்தார்கள். 1658ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கொழும்பை ஏற்கனவே இழந்து, இலங்கையில் அவர்களுக்கு மிஞ்சியிருந்த கடைசிப் புகலிடமாக அது ஆனபோது, றைக்லொப் வான் கூன்ஸ் என்னும் ஒல்லாந்தத் தளபதி வந்து முற்றுகையிட்டார். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து தஞ்சம் புகுந்தவர்களால் கோட்டை நிரம்பி வழிந்தது. பசியும் நோயும் உள்ளே பரவின. மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்துவிட்டு, ஜூன் மாதத்தில் பறங்கியர் சரணடைந்தனர். அன்று மதிலைக் காட்டிலும் முன்னதாக வயிறு தோற்றது. இக்கட்டடத்தின் சரித்திரம் முழுவதிலும் இந்த உண்மை திரும்பத் திரும்ப வருவதைக் காண்போம்.

ஒல்லாந்தர் கையில் வந்த கோட்டை அவர்களுக்குப் போதவில்லை. பழைய நாற்சதுரத்தை மாற்றி, ஐந்து முகமும் ஐந்து கொத்தளமும் கொண்ட புதியதோர் அரணை அவர்கள் எழுப்பி, 1680ஆம் ஆண்டளவில் நிறைவேற்றினார்கள். ஏன் ஐந்து? நான்குக்கு என்ன குறை, ஆறுக்கு என்ன தடை? இக்கேள்விக்கு விடை காண்பதே இந்தக் கட்டடத்தைப் புரிந்துகொள்வதாகும் என்பதால், வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் என்னோடு இத்தாலி தேசம் வரை வர வேண்டும்.

1494ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து மன்னன் எட்டாம் சார்லஸ், வெண்கலப் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் புகுந்தான். அதுவரை கோட்டை என்றால் வானளாவிய மதிலும், மூலைக்கொரு வட்டக் கோபுரமும் என்றே உலகம் எண்ணியிருந்தது. ஏணி வைத்து ஏறுகின்றவனுக்கு உயரம் தடை. இரும்புக் குண்டுக்கோ உயரமே இலக்கு. நெடிய மதில்கள் அடியில் அடிபட்டுத் தங்கள் பாரத்தாலேயே சரிந்தன. வட்டக் கோபுரத்தில் மற்றொரு பெருங்குறையும் வெளிப்பட்டது. கோபுரத்தின் வளைந்த வயிற்றுக்கு நேர் முன்னே, மதில்மேல் நிற்கும் எந்த வீரனுடைய குறிக்கும் அகப்படாத சிறிய நிலத்துண்டு ஒன்று உண்டு. பகைவன் அங்கே ஒதுங்கிவிட்டால், அவன் நிதானமாக அடிமண்ணைத் தோண்டி வெடிமருந்து புதைக்கலாம். இவ்விரண்டு குறைகளையும் ஒருசேர நீக்குவதற்கு இத்தாலியச் சிற்பிகள் க்ஷேத்திர கணிதத்தை நாடினார்கள். மதிலைத் தாழ்த்தித் தடித்ததாக்கி, உள்ளே மண்ணை நிரப்பினார்கள். வட்டக் கோபுரத்தின் ஸ்தானத்தில், வெளிநோக்கிக் கூர்ந்த அம்புமுனை போன்ற கொத்தளத்தை வைத்தார்கள். ஒரு கொத்தளத்தின் பக்கச் சுவரில் நிற்கும் பீரங்கி, அடுத்த கொத்தளத்தின் முகத்தையும் இடையே ஓடும் நேர்மதிலையும் முழுவதும் துடைத்துச் சுடும். அந்தக் கொத்தளமும் அவ்வாறே இதனைக் காக்கும். தன்னைத் தானே காத்துக்கொள்ளும் கொத்தளம் இந்தச் சாஸ்திரத்தில் இல்லை. ஒவ்வொன்றின் உயிரும் அதன் அயலானிடத்தில் இருக்கிறது.

இனி, எண்ணிக்கையின் காரணம் எளிதில் விளங்கும். நாற்சதுரத்தின் மூலை 90 பாகை. அந்த மூலையிலிருந்து எழும் கொத்தளத்தின் முனை மிகக் கூர்மையாகிவிடும். குண்டு பட்டால் முனை உதிரும், பீரங்கியைத் திருப்பவும் உள்ளே இடம் இராது. ஐங்கோணத்தின் மூலை 108 பாகை. அங்கே கொத்தளத்தின் முனை மழுங்கி, உள்ளிடம் விரிந்து, பலமும் வசதியும் ஒருங்கே கிடைக்கின்றன. ஆறும் ஏழும் இன்னும் நல்லவையே. ஆனால் ஒவ்வொரு கொத்தளத்துக்கும் பீரங்கியும் மருந்தும் ஆளும் வேண்டும், அவ்வளவையும் சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆகவே நடுத்தரமான காவற்படை ஒன்றுக்கு ஐந்தே உத்தமமான எண் என்பது அக்காலத்து நிபுணர்களின் தீர்ப்பாயிற்று. டூரின் நகரத்திலும் ஆண்ட்வெர்ப் நகரத்திலும் 16ஆம் நூற்றாண்டிலேயே ஐங்கோண அரண்கள் எழுந்துவிட்டன. யாழ்ப்பாணத்தில் இப்பணி நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே ஒல்லாந்த வணிகச் சங்கத்தார், ஆப்பிரிக்காவின் தென்கோடியில் கேப் டவுனிலும் 1666 முதல் 1679 வரை ஓர் ஐங்கோணக் கோட்டையைக் கட்டினார்கள். அவ்விரண்டும் ஒரே சிந்தனையின் இரண்டு பிள்ளைகள்.

கேப் டவுனில் கொத்தளங்களுக்குத் தங்கள் இளவரசரின் பட்டங்களைச் சூட்டியவர்கள், யாழ்ப்பாணத்தில் தாய்நாட்டின் மாகாணங்களை நினைத்துக்கொண்டார்கள். ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உத்ரெக்ட், பிரீஸ்லாந்து என்பன நம் ஐந்து கொத்தளங்களின் பெயர்கள். அவர்களுடைய குடியரசில் மாகாணங்கள் ஏழு. கொத்தளங்கள் ஐந்தாகையால் ஓவரெய்சலும் குரோனிங்கனும் பண்ணைக் கடற்கரையில் இடம் பெறவில்லை.

கணிதம் இத்தாலியருடையது, பெயர் ஒல்லாந்தருடையது. கல்லோ முழுவதும் யாழ்ப்பாணத்தினுடையது. மலையும் கருங்கற் பாறையும் இல்லாத இந்தக் குடாநாட்டில் கடல் தந்த முருகைக்கல்லே கட்டடக்காரனுக்குக் கைகொடுத்தது. ஈரம் ஆறாத பொழுது இலகுவாக வெட்டலாம். காற்றுப் பட்டு உலர்ந்தபின் உறுதி பெறும். உட்புறமெல்லாம் நுண்துளைகள் நிறைந்த அக்கல்லை, அதே கடற்பொருள்களைச் சுட்டெடுத்த சுண்ணாம்பினால் பிணைத்து, வெளிச்சுவரும் உட்சுவரும் எழுப்பி, இடையிலே மண்ணைக் கொட்டி இறுக்கினார்கள். கருங்கல்லின் மீது மோதும் குண்டு கல்லைச் சில்லுகளாக்கி நாற்புறமும் தெறிக்கச் செய்யும். முருகைக்கல்லோ அடியை வாங்கிக்கொண்டு அந்த இடத்தில் மட்டும் பொடியாகும், அதற்குப் பின்னால் உள்ள மண் மிச்ச வேகத்தை விழுங்கிவிடும். மதிலின் வெளிமுகம் நிமிர்ந்து நிற்காமல் உட்புறம் சற்றே சாய்ந்திருப்பதும், உள்ளிருக்கும் மண்ணின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே. கருங்கல் இல்லை என்பது இங்கே குறையாக இராமல் ஒரு வகையில் பாக்கியமாகவே முடிந்தது என்பேன்.

அந்தக் கல்லை வெட்டியவர்களையும் சுமந்தவர்களையும் பற்றிக் கட்டடக் கலை நூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் ஊழியம் என்ற பெயரால், குறித்த சில சாதியினர் ஆண்டுதோறும் கூலி இன்றி அரசாங்க வேலை செய்யக் கடமைப்பட்டிருந்தார்கள். மதிலுக்கு மண் சுமந்ததும், சூளைக்கு விறகு வெட்டியதும் அத்தகைய தோள்களே. கொத்தளங்களில் ஒன்றுக்கேனும் இந்நாட்டு ஊர் ஒன்றின் பெயர் சூட்டப்படவில்லையே என்று நான் பல முறை வருந்தியதுண்டு. ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்கத்தைப் பற்றி யாழ்ப்பாணத்து மக்கள் தங்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டிருப்பது வேறொரு கதை. அந்திராசி என்பவன் பூதத்தம்பி என்பவனுடைய கையொப்பத்தை வெற்றுத் தாளில் வஞ்சனையாக வாங்கி, அதில் பறங்கியரோடு சதி செய்வதாக எழுதிக் காட்டி, ஒல்லாந்தரைக் கொண்டு அவனுக்குக் கொலைத்தண்டனை விதிக்கச் செய்தான் என்னும் அக்கதை, கூத்தாகவும் நாடகமாகவும் ஆடப்பட்டு இன்றளவும் வாழ்கிறது. 1658ஆம் ஆண்டிலேயே, கோட்டையைப் பறங்கியருக்கு மீட்டுக் கொடுக்கும் சதி ஒன்று வெளிப்பட்டு, சம்பந்தப்பட்டவர்கள் கொடிய தண்டனைக்கு உள்ளானது சரித்திரமாகையால், கூத்தில் வரும் துயரத்துக்கும் மெய்யான சம்பவம் ஒன்று அடியில் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

ஐங்கோணம் முடிந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பிறகே வெளியரண்கள் முடிந்தன. அவற்றின் நிறைவு 1792ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோட்டையின் பேரழகு இவற்றில்தான் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். அகழிக்கு அப்பால், வாயிலுக்கும் நேர்மதிலுக்கும் கவசமாக, முக்கோண வடிவான தனி அரண்கள் நிற்கின்றன. அவற்றையும் கடந்தால், அகழியின் வெளிக்கரையை ஒட்டி, துப்பாக்கி வீரர்கள் தலை தெரியாமல் நடமாடக்கூடிய மறைவழி சுற்றிலும் ஓடுகிறது. அந்த மறைவழியின் விளிம்பிலிருந்து நாட்டுப்புறம் நோக்கி நிலம் மெல்ல மெல்லச் சரிந்து இறங்குகிறது. பார்ப்பதற்கு இயற்கையான புல்மேடு போலத் தோன்றும் இந்தச் சரிவு, அளந்து அமைத்த செயற்கை. தூரத்தே நிற்கும் பகைவனின் பீரங்கிக்கு இச்சரிவு மதிலின் அடியை முழுவதும் மறைத்துவிடுகிறது. மதிலின் தலை மாத்திரம் ஒரு கோடாகத் தெரியும். மதிலின் அடியைக் காண வேண்டுமானால் அவன் சரிவின்மீது ஏறி வர வேண்டும். ஏறி வருகின்றவனுக்கோ ஒதுங்க ஒரு மரமும் ஒரு பள்ளமும் இல்லை. சரிவின் ஒவ்வொரு சாணும் மதில்மேலுள்ள பீரங்கியின் நேர்க்கோட்டில் அமைந்திருக்கிறது. இதனால்தான், நகரத்தின் பக்கமிருந்து நடந்து வருகிற புதியவர்கள், கோட்டை எங்கே என்று கேட்டுக்கொண்டே அதன் விளிம்புக்கு வந்துவிடுகிறார்கள். நெடுந்தொலைவிலிருந்தே தன் பெருமையைக் காட்டி மிரட்டும் செஞ்சிக் கோட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் ஒளிந்திருப்பதே இந்தக் கோட்டையின் வீரம்.

முற்றவெளியும் இந்த ஏற்பாட்டின் பகுதியே. பண்டிகைக்கும் பொதுக்கூட்டத்துக்கும் பந்தாட்டத்துக்கும் யாழ்ப்பாணத்தார் கூடுகின்ற அந்தப் பெருவெளி, நகரத்தாரின் சௌகரியத்துக்காக விட்ட நிலமன்று. பகைவன் மறைந்து வருவதற்கு வீடோ தோப்போ இருக்கலாகாது என்பதற்காக, பீரங்கிக்கென்று வெறுமையாக வைத்திருந்த நிலம் அது. கோட்டை முனியப்பர் கோயில் இருக்கும் இடமும், பொதுசன நூலகம் எழுந்த இடமும் அந்த வெளியின் ஓரங்களே.

இழுபாலம் இருந்த இடத்தைத் தாண்டி, மதிலின் வயிற்றைத் துளைத்துச் செல்லும் வளைவுக் கூரையிட்ட வாயில் வழியாக உள்ளே போனால், காலிக் கோட்டையில் காண்பதுபோல் தெருவும் வீடும் கடையும் நிறைந்த ஊர் ஒன்றை எதிர்பார்க்கக் கூடாது. காலியில் நகரமே மதிலுக்குள் குடியிருந்தது. யாழ்ப்பாணத்தில் குடிமக்களின் வாசம் வெளியே. உள்ளே படையும் நிருவாகமும் மாத்திரம். அதிபதியின் மாளிகை, பண்டகசாலைகள், சிறைக்கூடம், கிணறுகள், படைவீரர் அணிவகுக்கும் முற்றம், இவற்றுக்கு நடுவே ஒல்லாந்தரின் தேவாலயம். யானையும் சங்கும் சாயவேரும் புகையிலையும் இந்தப் பிரதேசத்திலிருந்து அவர்களுக்கு ஈட்டித் தந்த இலாபத்தின் கணக்கெல்லாம் இந்த மதிலுக்குள்ளேதான் எழுதப்பட்டது.

அந்தத் தேவாலயத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1706ஆம் ஆண்டில், பறங்கியரின் பழைய மாதா கோயில் இருந்த இடத்தில், மார்ட்டினுஸ் லூசெகாம் என்னும் நில அளவையாளர் இதனை வகுத்துக் கட்டினார். நான்கு கைகளும் சம அளவான சிலுவையின் உருவத்தில் அமைந்து, கோபுரமோ ஆடம்பரமோ இன்றித் தடித்த சுவர்களின் கம்பீரத்தால் மட்டுமே நின்ற கட்டடம் அது. காலியில் இருக்கும் பெரிய தேவாலயத்துக்கும் கொழும்பு வுல்வெந்தாலுக்கும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு மூத்தது. அதில் தொங்கிய மணிகளுள் ஒன்று 1648ஆம் ஆண்டில் வார்க்கப்பட்டது. யாழ்ப்பாணப் பட்டினத்து அற்புத மாதாவின் பெயர் அதில் பொறித்திருந்தது. கத்தோலிக்க மதத்தை அடியோடு பகைத்த ஒல்லாந்தர், அந்த மதத்தினரின் மணியை உடைக்காமல் தங்கள் தொழுகைக்கு அழைக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். தரை முழுவதும் கல்லறைப் பலகைகள். தாய்நாட்டை மீண்டும் காணாமலே இறந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அங்கே துயின்றார்கள்.

1792இல் வெளியரண்கள் முடிந்தன என்றேன். மூன்றே ஆண்டில் கோட்டை கைமாறியது. ஐரோப்பாவில் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஒல்லாந்தத்தினுள் புகவே, அந்நாட்டு இளவரசர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடி, குடியேற்ற நாடுகளின் கோட்டைகளை ஆங்கிலேயரின் பாதுகாப்பில் விடும்படி அங்கிருந்து நிருபம் விடுத்தார். சங்கத்தாரின் பொக்கிஷமும் வறண்டிருந்தது. திருகோணமலையை வென்றுவிட்டு வந்த ஆங்கிலேயச் சைனியத்திடம் 1795 செப்டம்பர் 28ஆம் நாள் யாழ்ப்பாணக் கோட்டை சண்டையின்றி ஒப்படைக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டின் கணிதமும் எத்தனையோ ஊர்களின் உழைப்பும் சேர்ந்து அமைத்த அந்தச் சரிவின்மேல் எந்தப் பகைவனும் ஏறி வரவில்லை. அழகாக வகுத்த கோட்டையைத் தூரதேசத்துத் தீர்மானமே திறந்துவிட்டது.

ஆங்கிலேயர் காலத்தைப் பற்றி விரிக்க அதிகம் இல்லை. அவர்களுக்கு அது காவல் நிலையமும் சிறைச்சாலையும் உத்தியோகஸ்தர் விடுதியுமாக இருந்தது. பின்னாளில் ஆங்கில இலக்கிய உலகில் பெயர் பெற்ற லெனார்ட் வூல்ப், 1905ஆம் ஆண்டில் இளம் உத்தியோகஸ்தராக யாழ்ப்பாணம் வந்து, இக்கோட்டையிலே குடியிருந்தார். சண்டையையே காணாமையால் கோட்டை ஏறக்குறைய முழுமையாகப் பிழைத்திருந்தது. கீழைத் தேசத்தில் ஒல்லாந்தர் கட்டியவற்றுள் இத்தனை முழுமையாக நின்ற கோட்டை அரிது.

அந்த முழுமை நம் காலத்தில் போயிற்று. உள்நாட்டு யுத்தத்தில் இராணுவம் கோட்டைக்குள் முகாமிட்டிருந்தது. 1990ஆம் ஆண்டில் விடுதலைப் புலிகள் அதனை முற்றுகையிட்டார்கள். முற்றுகை 100 நாட்களுக்கு மேல் நீடித்தது. 17ஆம் நூற்றாண்டுச் சிற்பி கனவிலும் எண்ணாத எறிகணைகளும் வான்குண்டுகளும் கோட்டையின் மேலும் அதைச் சூழ்ந்த நகரத்தின் மேலும் விழுந்தன. பல்லாயிரம் பேர் அகதிகளானார்கள். செப்டம்பர் மாத இறுதியில் இராணுவம் வெளியேறியது. அப்பொழுதும் மதில் உடைந்து பகைவன் உட்புகுந்தான் என்பதில்லை, உள்ளே இருந்தவர்களை அங்கே வைத்திருப்பதில் பயன் இல்லை என்ற முடிவே காரணம். லூசெகாம் கட்டிய தேவாலயம் கற்குவியல் ஆயிற்று. புலிகளின் கையில் வந்த பின், மறுபடி எவரும் அரணாகக் கொள்ளாதபடி மதில்களிலும் கட்டடங்களிலும் பல பகுதிகள் இடிக்கப்பட்டன. ஆண்டவனை அழித்துக் கட்டிய கோட்டை அழிந்தால் அழியட்டும் என்று பேசுவோரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய மனக்கொதிப்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த வாதத்தை நான் ஒப்பவில்லை. கல்லை வெட்டியவன் நம்முடைய பாட்டன். மதிலில் புகுந்தது நம் கோயிற் கல்லேயானால், அதைக் காக்கும் உரிமையும் கடமையும் நமக்கே அதிகம்.

2009இல் யுத்தம் முடிந்தபின், நெதர்லாந்து அரசின் பண உதவியுடன் தொல்லியல் திணைக்களத்தார் கோட்டையைப் புதுப்பிக்கும் பணியைத் தொடங்கினார்கள். மதிலின் நெடும்பகுதிகள் மீண்டும் எழுந்திருக்கின்றன. இப்பணியின் பெரிய இடர் கல்லே. கடலோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று முருகைக்கல் வெட்டுவது குற்றம். அச்சட்டம் முற்றிலும் நியாயமானது, ஏனெனில் கரையைக் கடல் அரிக்காமல் காப்பது அந்த முருகைப் படுக்கையே. ஆகையால் இடிந்த மதிலை எழுப்புவதற்கு இடிந்த மதிலின் கல்லைத் தவிர வேறு வழி இல்லை. கோட்டையைப் பார்க்கச் செல்லும் அன்பர்கள் அங்கே கிடக்கும் ஒரு துண்டையேனும் ஞாபகார்த்தமாக எடுத்து வர வேண்டாம். மதிலின்மேல் பெயர் கீறவும் வேண்டாம். யுத்த காலத்தில் வெளியே சென்ற கற்கள் எங்கேனும் வேலியோரத்திலோ கிணற்றடியிலோ கிடப்பதை அறிந்தவர்கள், அவற்றைத் தொல்லியல் திணைக்களத்தாரிடம் ஒப்படைத்தால் நாட்டுக்குச் செய்த பேருபகாரமாகும்.

அடுத்த அத்தியாயத்தில் ஊர்காவற்றுறைக்கு எதிரே, கடல் நடுவில் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டைக்குச் செல்வோம்.